முன்கண்ணாடி ஓரம் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை விட்ட மறுநாள் காலையில் கார் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை. மேட்டை மிதித்தால் சளக்கென்று ஒரு சத்தம். பெரும்பாலும் இப்படித்தான் விஷயம் தெரியவரும். உடனே எல்லோருடைய கையும் சிலிக்கான் டியூப்பைத் தேடிப் போகிறது. அந்த டியூப்பைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

டிரைவர் காலடி நனைந்திருக்கிறது. அப்படியென்றால் கண்ணாடியின் டிரைவர் பக்க ஓரம்தானே ஒழுகுகிறது?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, நம் கண்ணில் படுகிற இடம் வேறொன்று. கண்ணாடியின் மேல் மூலையில் நுழைகிற துளி, கூரைத் துணிக்கு மேலேயே ஊர்ந்து போகும். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும் தூணின் (ஒர்க்‌ஷாப்பில் ஏ பில்லர் என்பார்கள்) பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இறங்கும். அங்கிருந்து ஏதாவது ஒரு ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே வந்து, கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஃபோமில் சேரும். வழி நெடுக எங்கேயும் ஈரம் வெளியே தெரியாது. கார் சாய்வான தரையில் நின்றிருந்தால் ஒரு பக்கம் நுழைந்த தண்ணீர் மறுபக்கம் போய்த் தேங்குவதும் உண்டு. பின் சீட்டுக் காலடி நனைந்து, கடைசியில் காரணம் முன்கண்ணாடியின் மூலை என்று முடிவதும் நடக்கும்.

ஆகவே ஈரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தடம் பிடித்துப் போக வேண்டும். தூசிமேல் தண்ணீர் ஓடிய கோடு, ஸ்க்ரூ தலையில் புதுத் துரு, கூரைத் துணியின் ஓரத்தில் பழுப்பு வட்டம், தகரத்தில் வெள்ளையாகக் காய்ந்த உப்புக் கறை. இவைதான் சாட்சிகள். டார்ச்சை நேராக அடிக்காமல், தகரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் காய்ந்த தடமும் தெரியும்.

இது மழைத்தண்ணீர்தானா என்று எப்படிப் பிரித்தறிவது?

மூன்று வகைத் தண்ணீர் காலடிக்கு வரலாம். மழை பெய்யாத நாளிலும், ஏசி போட்டு ஓட்டிய பிறகு நனைந்தால் அது ஏசியின் தண்ணீர். குளிர்ந்த ஏசிப் பெட்டியில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும். அது ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் விழ வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளே வழியும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் தண்ணீர் நின்றுபோயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பான வாடை, கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் என்றால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அதற்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை. எஞ்சின் சூடேறிப் போகும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூலன்ட் விஷம், நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மழைக்கோ, கார் கழுவியதற்கோ பிறகு மட்டும் நனைந்தால்தான் கீழே உள்ளவை உங்களுக்கு.

மழைத்தண்ணீர்தான். ஆனால் கண்ணாடி தவிர வேறு வழியாகவும் வருமா?

வரும், அதுவும் தாராளமாக. முதல் சந்தேகம் வைப்பர்களுக்கு அடியில் இருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் மூடியின் மேல் விழ வேண்டும். கவுல் என்பார்கள். முன்கண்ணாடியில் விழும் மழை பெரும்பாலும் அதற்குள் இறங்கி, இரண்டு ஓரங்களிலும் உள்ள வடிகால் துளைகள் வழியாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியேறும். மரத்தடியில் நிற்கும் காரில் இலையும் பூவும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். பிறகு அது ஒரு தொட்டி. தண்ணீர் மட்டம் ஏறி, காருக்குள் காற்று போகிற வழியில் வழிந்து, நேராக முன் சீட்டுக் காலடிக்கு வரும். அந்தக் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது நனைந்து தொங்கிக்கொண்டிருந்தால் கண்ணாடிமேல் பழி போட வேண்டியதில்லை.

சன்ரூஃப் இருக்கிற காரில், அதன் சட்டத்தின் மூலைகளிலிருந்து ரப்பர்க் குழாய்கள் இறங்கும். முன்னிரண்டும் அதே ஏ பில்லர் வழியாகத்தான் வரும். குழாய் அடைத்தாலும், இணைப்புக் கழன்றாலும், அச்சு அசலாகக் கண்ணாடி ஒழுகுவது போலவே இருக்கும். சன்ரூஃபைத் திறந்து மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். காருக்கு அடியில் சொட்டினால் நல்லது. தேங்கி நின்றால் பிடிபட்டது. அடைப்பை எடுக்க அதிக அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள். உள்ளே இணைப்பு பிடுங்கிக்கொண்டால் ஒரு வேலை இரண்டாகும். மெல்லிய நைலான் கயிறு போதும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம், எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர் நுழையும் துளையின் ரப்பர் கழன்றிருக்கலாம், கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர் வெடித்திருக்கலாம், கூரையின் ஓரப் பள்ளத்தில் தகர இணைப்பின் மேல் பூசிய பசை விரிந்திருக்கலாம்.

கண்ணாடி எப்படித்தான் நிற்கிறது? ரப்பர் பீடிங்தானே தண்ணீரைத் தடுக்கிறது?

இந்தத் தவறான எண்ணத்தால்தான் பாதி ரிப்பேர் வீணாகிறது. இன்றைய கார்களில் கண்ணாடியைச் சுற்றித் தெரியும் ரப்பர் பீடிங் பெரும்பாலும் அழகுக்கும் காற்றுச் சத்தத்துக்கும்தான். தண்ணீரைத் தடுப்பது அதற்கு அடியில், கண்ணாடிக்கும் தகர விளிம்புக்கும் நடுவே ஒரே கோடாக ஓடும் பாலியூரித்தேன் பசை (சுருக்கமாக யூரித்தேன்). அந்தக் கோட்டில் எங்கேயாவது ஒரு ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலே போதும்.

கண்ணாடியின் விளிம்பில் கருப்புப் பட்டை ஒன்று ஓடி, உட்புறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு அது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பசை கெட்டுப்போகும் என்பதால் அதற்கு நிழல் கொடுக்கிறது. பசைக்கு நல்ல பிடிமானமும் தருகிறது.

அந்தப் பசையின் வேலை தண்ணீரைத் தடுப்பதோடு முடியவில்லை. விபத்தில் கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போகாமல் பிடிப்பதும் அதுதான். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பல கார்களில் முன் சீட்டுப் பயணியின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்பும். ஒழுகும் கண்ணாடி என்றால் அந்த இடத்தில் பசை பிடிக்கவில்லை என்று பொருள்.

ஹோஸ் பைப் வைத்துச் சோதிப்பது எப்படி?

பொறுமை இருந்தால் இதைவிட நல்ல சோதனை இல்லை. முதலில் காரின் உள்ளே நன்றாகக் காய வேண்டும். பழைய ஈரம் இருந்தால் எது புதுத் தண்ணீர் என்று தெரியாது. மேட்டை எடுத்து, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி வையுங்கள். முடிந்தால் பில்லர் மூடியையும் கவுலையும் கழற்றுங்கள். சந்தேகமான இடங்களில் டிஷ்யூ தாளைக் கீற்றுகளாகக் கிழித்து ஒட்டி வையுங்கள், அல்லது முகப்பவுடர் தூவுங்கள். ஒரு துளி விழுந்தாலும் பவுடரில் கோடு விழும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே பைப்போடு. பைப் முனையில் துப்பாக்கி எதுவும் வேண்டாம். தண்ணீர் சும்மா வழிந்து ஓடினால் போதும். அழுத்தமாக அடித்தால் வழக்கமாக ஒழுகாத இடமும் ஒழுகி உங்களைக் குழப்பும்.

கீழிருந்து மேலே போக வேண்டும், இதுதான் முக்கியம். மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே இறங்கும். உள்ளே சொட்டினாலும் எந்த உயரத்தில் நுழைந்தது என்று சொல்ல முடியாது. முதலில் கவுல், பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், ஒரு பக்கம், மறுபக்கம், கடைசியில் மேல் ஓரமும் கூரையும். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஐந்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருப்பவர் குரல் கொடுத்ததும் தண்ணீரை நிறுத்தி, வெளியே அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

பிறகு அந்த இடத்தை டேப்பால் முழுதாக மூடி இன்னொரு முறை ஊற்றுங்கள். ஒழுகல் நின்றால் அதுதான் ஓட்டை. நிற்காவிட்டால் நீங்கள் பிடித்தது தவறான ஆளை.

துணைக்கு ஆள் இல்லை. தனியாகச் சோதிக்க வழி உண்டா?

சோப்பு நுரை. எல்லா ஜன்னலையும் ஏற்றி, ப்ளோயரை உச்சத்தில் வைத்து, காற்று வெளியிலிருந்து வருமாறு மாற்றுங்கள். உள்ளேயே சுழலும் நிலையில் வைத்தால் பலிக்காது. காருக்குள் காற்றழுத்தம் ஏறும். அது வெளியேறுவதற்கென்றே பல கார்களில் பின் பம்பருக்குப் பின்னாலோ டிக்கியின் பக்கவாட்டிலோ திறப்புகள் இருக்கும். அவற்றைத் தற்காலிகமாக டேப் போட்டு மூடினால் சோதனை இன்னும் எடுபடும். இனி சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியைச் சுற்றித் தெளித்துப் பாருங்கள். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி மொட்டுவிடும்.

நிற்கும்போது சொட்டுகூட இல்லை. ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது!

வேகத்தில் காற்று தண்ணீரைக் கண்ணாடி ஓரத்துக்குள் தள்ளும். அப்படிப்பட்ட கண்ணாடி பெரும்பாலும் மழையில்லாத நாளிலும் மெல்லிய விசில் அடிக்கும். கண்ணாடி ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பக்கமாக உரித்து உரித்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்தை உரித்ததும் விசில் திரும்புகிறதோ அங்கே தேடுங்கள்.

பில்லர் மூடியை நானே கழற்றலாமா?

பல கார்களில் அதற்குப் பின்னால் தலைப்பக்க ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, அந்த மூடிக்கென்று உள்ள கிளிப்பை அறிந்தே கழற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிற இடம் அதுவல்ல. தைரியம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

கண்ணாடியில் விரிசல் இருக்கிறது. அதன் வழியாக ஒழுகுமா?

பொதுவாக ஒழுகாது. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தியது. கல்பட்டு விரிவது பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான். ஆனால் விளிம்பு வரை ஓடிய விரிசல் கண்ணாடியின் உறுதியைக் குறைக்கிறது. எப்படியும் கண்ணாடியைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் புதிதாகவே மாட்டிவிடலாம்.

கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசிவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

நானும் அதைத்தான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கண்ணாடியைச் சுற்றி ஒரு டியூப்பைக் காலி செய்தேன். விரலால் வழித்து வழித்துப் பார்க்கவும் அசிங்கமாக இருந்தது. அடுத்த மழையில் அதே அளவு தண்ணீர். கடைசியில் கவுலைத் தூக்கிப் பார்த்தால் வடிகால் துளையில் மக்கிய இலை, கையால் அள்ளும் அளவுக்கு இருந்தது. அதை எடுத்ததும் ஒழுகல் நின்றது. சிலிக்கான் மட்டும் ஒரு வருடம் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் சரியாக ஒட்டாது. நாளை கண்ணாடி மாட்ட வருபவர் அதைச் சுரண்டியே களைத்துப் போவார். கொஞ்சம் மிஞ்சினாலும் புதுப் பசை அங்கே பிடிக்காது. புளிப்பு வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அது தகரத்தை அரிக்கும். வெளியே பூசிய பூச்சு, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். தண்ணீர் தேங்கித் துரு பிடிக்க அதுவே போதும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அப்படியானால் நானே சரிசெய்ய எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இடம் உறுதியாகத் தெரிந்து, ஓட்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து, சுற்றியுள்ள பசை உறுதியாக, துரு இல்லாமல் இருந்தால் ஒட்டுப் போடலாம். அந்த இடத்தின் பீடிங்கைத் தூக்குங்கள். மண்ணையும் பாசியையும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு காய விடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் தூரத்தில் பிடித்துக் காட்டலாம். கார் கண்ணாடிக்கென்றே விற்கும் யூரித்தேன் பசையை, அதன் டப்பாவில் சொன்ன பிரைமரோடு, இடைவெளியின் உள்ளே போய்ச் சேரும்படி அழுத்திச் செலுத்துங்கள். மேலே மெழுகுவது ஒட்டு ஆகாது. கையுறை போடுங்கள், இந்தப் பசை தோலில் பட்டால் பல நாள் போகாது.

ஓட்டை நீளமாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, விரலால் உள்ளிருந்து தள்ளும்போது கண்ணாடி அசைந்தாலோ ஒட்டு வேண்டாம். கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதுதான் வழி.

கழற்றி மாட்டும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல வேலைக்காரர் பழைய பசையை முழுக்கச் சுரண்டித் தகரத்தைக் காட்டமாட்டார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சமமாகச் சீவுவார். புதுப் பசைக்கு அதுதான் நல்ல பிடிமானம். கத்தி பட்டுப் பெயின்ட் கீறிய ஒவ்வொரு இடத்திலும் பிரைமர் தொடுவார். கண்ணாடியின் கருப்புப் பட்டையைத் துடைத்த பிறகு வெறும் கையால் தொடமாட்டார். பசையை முக்கோண வடிவில், நடுவில் விட்டுவிடாமல் ஒரே கோடாக இழுத்து, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றையொன்று மூடும்படி சேர்ப்பார். அந்தச் சேரும் இடத்தில்தான் அடிக்கடி ஒழுகும்.

மாட்டிய பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசையைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்தில் விடும் பசையும் உண்டு, பல மணி நேரம் கேட்பதும் உண்டு. கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யூரித்தேன் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அதனால் குளிரிலும் வறண்ட காற்றிலும் தாமதமாகும். முதல் நாள் ஒரு ஜன்னலை விரற்கடை இறக்கி வையுங்கள். கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் ஈரப் பசையைத் தள்ளிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால் அதைத் திரும்ப அளவமைக்க வேண்டும்.

கழற்றியதும் தகரத்தில் துரு தெரிகிறது. மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளாதீர்கள். பசை துருவைப் பிடிக்கும், துருவோ தகரத்தைப் பிடிக்காது. சுரண்டி, துரு தடுப்பு பிரைமர் அடித்து, காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் டிங்கர் வேலை முதலில்.

என்னுடையது பழைய கார். கண்ணாடி தடித்த ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

உங்களுக்கு விதி வேறு. அங்கே ரப்பர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவிலும் ஒழுகலாம், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும் ஒழுகலாம். ரப்பர் இன்னும் வளைந்து கொடுத்தால், அதன் உதட்டைத் தூக்கி, இறுகிப்போகாத மென்பசையை இரண்டு இடைவெளியிலும் செலுத்தினால் பல வருடம் தாங்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாமல் கட்டையாக இருந்தால் ரப்பரையே மாற்றுங்கள்.

கண்ணாடி மாட்டி இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஒழுகுகிறது.

கையை வைக்காதீர்கள். மாட்டியவரிடமே கொண்டுபோங்கள். நீங்கள் ஏதாவது பூசியிருந்தால் அதையே காரணம் காட்டித் தட்டிக் கழிப்பார்கள். ஒழுகும்போது வீடியோ எடுத்து வையுங்கள்.

மழைக்காலம் நடுவில் இருக்கிறேன். இப்போதைக்கு என்ன செய்வது?

காய்ந்த நேரம் பார்த்து, ஓட்டையின்மேல் தண்ணீர் புகாத டேப்பை மேல் விளிம்பு கூரைப் பக்கம் இருக்கும்படி ஒட்டுங்கள். நிறுத்தும்போது கூரை வரை கவர் போடுங்கள். டேப்பை நாள்கணக்கில் வெயிலில் விட்டால் பெயின்ட்டோடு உரிந்து வரும், ஜாக்கிரதை.

உள்ளே நனைந்ததை எப்படி உலர்த்துவது? கார்பெட் மேலே காய்ந்துவிட்டது.

மேலே காய்ந்ததை நம்பாதீர்கள். கார்பெட்டின் அடியிலுள்ள ஃபோம் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உள்ளங்கையால் அழுத்தினால் கசியும். பல கார்களில் பியூஸ் பெட்டியும் கன்ட்ரோல் யூனிட்டும் ஒயர் இணைப்புகளும் அதே காலடியில்தான் இருக்கின்றன. ஈரம் தங்கினால் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம் போல உப்புப் பிடித்து, சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியத் தொடங்கும். ஒரு நாள், இரண்டு நாளிலேயே பூஞ்சையும் பிடிக்கும்.

சீட்டைக் கழற்றுவதுதான் நல்லது (சீட்டுக்கு அடியிலும் ஏர்பேக் ஒயர் உண்டு, அதே எச்சரிக்கை). ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கொண்டு இழுத்துவிட்டு, கார்பெட்டுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி, காற்றாடி வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். வாடைக்கு வாசனைத் திரவம் தெளிப்பது பிணத்துக்கு மாலை போடுவது போல. ஃபோம் காய்ந்தால் வாடை பெரும்பாலும் தானே போகும். போகாவிட்டால் ஃபோமை மாற்ற வேண்டியதுதான்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

பசை முழுதாக இறுகிய பிறகு அதே இடத்தில், அதே பைப்பை, முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடியுங்கள். அதில் தேறினாலும் பில்லர் மூடியை மாட்ட அவசரப்படாதீர்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் மட்டும் மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது, நிறுத்தியே வையுங்கள். தகரத்தின் மேல் டிஷ்யூ கீற்றுகளை ஒட்டி, இரண்டு நல்ல மழை பெய்யட்டும் என்று விடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு கீற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். மொடமொடவென்று இருந்தால் மூடியை மாட்டுங்கள்.